ஊரே 'கிறுக்கன் வீடு' எனச் சிரித்தது... இன்று உலகப் பாரம்பரியச் சின்னம்! - லே கொர்பூசியே கட்டிய கான்கிரீட் கிராமம்

பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் துறைமுக நகரம் மார்சேய். கால்பந்து ரசிகர்கள் அங்கே போனால் நேராக வெலோட்ரோம் ஸ்டேடியத்துக்குத்தான் போவார்கள். கட்டடங்களைக் காதலிக்கிற ஆட்கள் அதைத் தாண்டி, அதே மிஷ்லே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போவார்கள். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு பிரமாண்டமான சாம்பல் நிற உருவம் நிற்கும். கட்டடமா, கரைதட்டிய கப்பலா எனப் பார்த்தவுடன் சந்தேகமே வந்துவிடும்.

சுமார் 135 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், 56 மீட்டர் உயரம். உள்ளே 337 வீடுகள். சுமார் 1,600 பேர் வாழலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. 1952-ல் திறக்கப்பட்டபோது உள்ளூர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர், 'கிறுக்கன் வீடு'. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அன்று கிண்டலாகச் சொன்னார்கள், இப்போது செல்லமாகச் சொல்கிறார்கள்.

அந்தக் 'கிறுக்கன்', லே கொர்பூசியே. நம் சண்டிகர் நகரத்தை வடிவமைத்தாரே, அவரேதான். இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ஆர்க்கிடெக்சர் படிக்கிற எந்த மாணவரிடம் இவர் பெயரைச் சொன்னாலும் ஒன்று கொண்டாடுவார், இல்லையென்றால் சண்டைக்கு வருவார். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள இந்தக் கட்டடத்தைக் கீழிருந்து மேலே ஒருமுறை ஏறிப் பார்த்தாலே போதும். வாங்க, ஏறலாம்.

கால்கள்: கடிகார ஊர்ப் பையன்

முதலில் கண்ணில் படுவது கால்கள்தான். ஆம், இந்தக் கட்டடத்துக்குக் கால்கள் உண்டு. கீழே ஒடுங்கி, மேலே அகன்ற தடித்தடியான கான்கிரீட் தூண்கள். மொத்தக் கட்டடமும் அவற்றின்மேல்தான் நிற்கிறது. குழாய்கள்கூட இந்தத் தூண்களுக்குள்தான் இறங்குகின்றன. கீழே தரை முழுக்க காலி. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்க மரங்கள் தெரியும். பூமியை ஆக்கிரமிக்கக் கூடாது, அது எல்லோருக்கும் பொது என்பது அவர் கொள்கை.

அவர் பிறந்தது 1887, அக்டோபர் 6. ஊர், சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன். கடிகாரம் செய்வதுதான் அந்த ஊருக்கே தொழில். அப்பா, கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசுபவர். அம்மா பியானோ டீச்சர். பெற்றோர் வைத்த பெயர் ஷார்ல்-எதுவார் ழான்னரே. பையனும் கடிகார உறைகளில் பூவேலை செதுக்கக் கற்றுக்கொள்ளத்தான் கலைப்பள்ளியில் சேர்ந்தான். அங்கே லெப்லாத்தனியே என்ற ஆசிரியர், தம்பி உனக்குக் கட்டடக்கலைதான் சரிவரும் என்று திசையைத் திருப்பிவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் போய் ஆர்க்கிடெக்ட் பட்டம் வாங்கவில்லை. பாரிஸில் ஓகுஸ்த் பெரேயிடம் வேலை பார்த்து கான்கிரீட்டைக் கற்றார். பெர்லினில் பீட்டர் பெரென்ஸ் அலுவலகத்தில் தொழிற்சாலைகளின் கட்டுமானத்தைப் பார்த்தார். 1911-ல் பையைத் தூக்கிக்கொண்டு இஸ்தான்புல், ஏதென்ஸ் என்று சுற்றினார். அவரது நிஜமான கல்லூரி அந்தப் பயணம்தான்.

சுவர்: கையைத் தூக்கி நிற்கும் மனிதன்

நுழைவாயில் பக்கம் போனால் கான்கிரீட் சுவரில் ஒரு மனித உருவம் பதிந்திருக்கும். ஒரு கையை மேலே தூக்கி நிற்கும் அந்த ஆளின் பெயர் 'மாடுலர் மனிதன்'. உயரம் 1.83 மீட்டர், அதாவது ஆறடி. கையைத் தூக்கினால் 2.26 மீட்டர். கட்டடத்தின் ஒவ்வோர் அளவும் இந்த உருவத்திலிருந்துதான் வந்தது. ஃபிளாட்டின் சாதாரணக் கூரை உயரம் எவ்வளவு? அதே 2.26 மீட்டர். கையைத் தூக்கினால் விரல் தொடும் தூரம்!

இதில் ஒரு சுவாரஸ்யம். முதலில் அவர் எடுத்துக்கொண்டது 1.75 மீட்டர் உயர மனிதனை. கணக்கு சரியாக உட்காரவில்லை. அதனால் ஆங்கில நாவல்களில் வரும் ஆறடி போலீஸ்காரரின் உயரத்துக்கு மாற்றிக்கொண்டார். ஐந்தடிப் பெண்ணும், சின்னக் குழந்தையும், கூன் விழுந்த தாத்தாவும் இந்தக் கணக்கில் எங்கே? அவரை விமர்சிப்பவர்கள் இன்றும் கேட்கும் கேள்வி இது. உலகத்துக்கே சட்டை தைக்க ஒரே ஓர் ஆளை அளவெடுத்தது அவர் பலமா, பலவீனமா? பதிலை மேலே போகப் போக நீங்களே முடிவு செய்யலாம்.

1917-ல் பாரிஸில் குடியேறினார். அடுத்த ஆண்டே ஒரு கண்ணில் பார்வை போனது. மிச்ச வாழ்நாள் முழுக்க ஒற்றைக் கண்ணோடுதான் வரைந்தார். 1920-ல் ஓவியர் ஓஸான்ஃபானோடு சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பித்தபோது, எழுதுவதற்கு வைத்துக்கொண்ட புனைபெயர்தான் 'லே கொர்பூசியே'. நிஜப் பெயரை ஊர் மறந்தேபோனது.

லிஃப்ட்: அம்மாவும் அப்பாவும்தான் முதல் 'பலி'

லிஃப்ட் வருவதற்குள் அவருடைய தோல்விகளைக் கொஞ்சம் பேசிவிடலாம். அது பெரிய பட்டியல்.

1912-ல் சொந்த ஊரில் பெற்றோருக்கு வெள்ளை வெளேர் என்று ஒரு வீடு கட்டினார். அழகான வீடுதான். ஆனால், செலவு அவர்கள் சக்திக்கு மீறிப்போனது. 1919-ல் அதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பாரிஸுக்கு அருகே பொவாஸியில் 1931-ல் அவர் கட்டிமுடித்த வில்லா சவாய், இன்று உலகமே புகைப்படம் எடுக்கும் வீடு. ஆனால் மழை பெய்தால் ஒழுகும். வீட்டுக்காரம்மா புகார்க் கடிதங்களாக எழுதித் தள்ளினார்.

பேப்பரில் போட்ட திட்டங்கள் இன்னும் பயங்கரம். 1925-ல் பாரிஸ் நகர மையத்தின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, அங்கே வரிசையாக 60 மாடிக் கோபுரங்களை நிறுத்தலாம் என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார். நல்லவேளை, யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர்கள் எப்படி வாழ வேண்டும் என்பது மற்ற எல்லோரையும்விடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று உறுதியாக நம்பியவர் அவர். அந்த நம்பிக்கைதான் அவருடைய இன்ஜின். அவருடைய வில்லனும் அதேதான்.

தெரு: கட்டடத்துக்குள்ளே ஓர் ஊர்

லிஃப்ட் கதவு திறந்ததும் நீளமான, மங்கலான வெளிச்சம் கொண்ட ஒரு நடைபாதை. இதை காரிடார் என்று அவர் சொல்ல மாட்டார். தெரு! கட்டடத்துக்குள் ஓடும் தெரு. இரண்டு பக்கமும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனக் கதவுகள். கதவுக்குப் பக்கத்திலேயே சின்னப் பெட்டிகள். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியும் மளிகைச் சாமானும் போடுகிறவர்கள் வெளியிலிருந்தே அதில் வைத்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குள் இருப்பவர் உள்பக்கமாக எடுத்துக்கொள்வார். டெலிவரி ஆப் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே டெலிவரி பாக்ஸ்!

இன்னொரு விஷயம். வீடுகள் இருக்கும் தளங்களில் மூன்று மாடிக்கு ஒரு தெருதான். ஏனென்றால், பெரும்பாலான ஃபிளாட்டுகள் மாடியும் கீழுமாக இரண்டு தளம் கொண்டவை. தெருவின் ஒரு பக்கத்து வீடு மேலே ஏறும், எதிர்வீடு கீழே இறங்கும். இரண்டு விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி அவை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். இதனால் என்ன லாபம்? பெரும்பாலான வீடுகள் கட்டடத்தின் கிழக்கிலிருந்து மேற்குவரை நீளும். காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம். ஒரு ஜன்னலில் மலை, இன்னொரு ஜன்னலில் கடல். காற்று நடுவே புகுந்து போகும். வடக்குப் பக்கம் மட்டும் ஜன்னலே கிடையாது. அந்தப் பகுதியில் வீசும் கொடூரமான குளிர்காற்று வருவது அந்தத் திசையில்தான்.

இந்த யோசனைக்கு விதை விழுந்தது 1907-ல். இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராக இத்தாலி போனபோது, ஃபிளாரன்ஸ் அருகே எமாவில் ஒரு துறவியர் மடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு துறவிக்கும் தனி அறை, தனித் தோட்டம், வெளியே விரியும் காட்சி. ஆனால், வழிபாடும் கூடமும் எல்லோருக்கும் பொது. தனிமையும் கூட்டமும் ஒரே கூரையின் கீழ்! அந்தக் காட்சி அவர் மண்டையை விட்டு இறங்கவே இல்லை. அதைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டிக் கொடுக்க அவர் 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வீடு: 3.66 மீட்டரில் ஒரு குடும்பம்

வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு ஒரு ஃபிளாட்டின் உள்ளேயும் போகக் கிடைக்கும். அகலம் வெறும் 3.66 மீட்டர். கேட்டால் ரயில் பெட்டி மாதிரி இருக்கும் போல என்றுதானே தோன்றுகிறது? ஆனால், ஹாலின் கூரை திடீரென்று இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே பால்கனி. கோடை வெயில் நேராக உள்ளே விழாமலும், குளிர்கால வெயில் சோபாவரை வரும்படியும் பால்கனியின் ஆழத்தைக் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

கிச்சனை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு ஷார்லோத் பெரியான் என்ற பெண்ணுக்கு. சமைப்பவரைத் தனி அறைக்குள் பூட்டிவைக்காமல், ஹாலைப் பார்த்தபடி திறந்த கிச்சன். கையை நீட்டினால் எல்லாம் எட்டும். இன்றைய ஓப்பன் கிச்சன்களுக்கு இது பாட்டி முறை. குழந்தைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஒடுக்கமான அறைகள். நடுவே தள்ளிவிடக்கூடிய ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பே கரும்பலகை! விளையாடத் திறந்துவிடலாம், சண்டை வந்தால் சாத்திவிடலாம். இஷ்டத்துக்குக் கிறுக்கலாம், திட்டுவார்கள் என்ற பயமில்லை.

சத்தம்? அடுத்த வீட்டு மிக்ஸி சத்தத்தில் எழுந்திருக்கும் நமக்கு இது பொறாமை தரும் தகவல். கான்கிரீட் சட்டகத்துக்குள் ஒவ்வொரு வீட்டையும் மேஜை டிராயர் மாதிரி தனியாகப் பொருத்தினார்கள். வீட்டுக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஈயத்துண்டுகள் வைத்தார்கள். ஒரு வீட்டின் அதிர்வு இன்னொரு வீட்டுக்குப் போகாது.

கான்கிரீட்: மறைக்கப்படாத காயம்

இப்போது பால்கனியில் நின்று சுவரைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும். சென்ட்ரிங் பலகையின் மர ரேகைகள் அப்படியே பதிந்திருக்கும். பூச்சு வேலையே இல்லை.

அதற்குக் காரணம் போர். 1943-ல் ஜெர்மானியப் படை மார்சேயின் பழைய துறைமுகப் பகுதியைத் தகர்த்தது. போர் முடிந்தபோது நாடெங்கும் வீடற்ற மக்கள். 1945-ல் மறுகட்டமைப்பு அமைச்சர் ராவுல் தோத்ரி, இந்தக் கட்டடத்தை லே கொர்பூசியேவிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 57. அரசாங்கம் கொடுத்த முதல் பெரிய குடியிருப்பு வேலை. இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் கான்கிரீட். பல கைகள் வார்த்த கான்கிரீட் ஒரே சீராக வரவில்லை. அந்தக் குறைகளை மூடி மறைக்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். அந்தக் கரடுமுரடு பின்னாளில் 'புரூட்டலிசம்' என்ற ஒரு பாணியாகவே உலகம் சுற்றியது.

ஆனால், அவர் மறைக்க விரும்பிய கரடுமுரடு வேறு ஒன்று உண்டு. போர்க் காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனியோடு கைகோத்த விஷி அரசாங்கத்திடம் வேலை கேட்டு, சுமார் ஒன்றரை ஆண்டு அந்த ஊரிலேயே காத்துக்கிடந்தார். எதுவும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் யூதர்களைப் பற்றி மோசமாக எழுதியிருக்கிறார். அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த உறவுக்காரத் தம்பி பியர் ழான்னரே நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். இருவரும் பிரிந்தார்கள். 2015-ல் லே கொர்பூசியேவின் 50-வது நினைவு ஆண்டில் இந்த விவகாரம் புத்தகங்களாக வெளிவந்து பிரான்ஸில் பெரிய விவாதமே நடந்தது. வேலை வேண்டும் என்பதற்காக எந்தக் கதவையும் தட்டியவர் என்று ஒரு வரியில் கடந்துபோக முடியாது. பிடித்த கட்டடத்தைக் கட்டியவரிடம் பிடிக்காத பக்கம் இருந்தால், அதையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும். பூசி மறைக்காத சுவர் சொல்லித்தருவதும் அதைத்தானே?

கடைத்தெரு: தோற்ற இடமும் ஜெயித்த இடமும்

7, 8-வது தளங்களில் கடைத்தெரு. ரொட்டிக் கடை, கறிக் கடை என்று எல்லாம் உள்ளேயே கிடைத்தால் யாரும் வெளியே போக வேண்டியிருக்காது என்று அவர் நினைத்தார். நடந்தது வேறு. ஒரு கட்டடத்து ஆட்களை மட்டும் நம்பி அத்தனை கடைகள் பிழைக்க முடியவில்லை. மக்களுக்கு வெளியே போகப் பிடிக்கும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. இன்று அங்கே ஒரு ஹோட்டல், உணவகம், அலுவலகங்கள் போன்றவை இருக்கின்றன.

கட்டும்போதே எதிர்ப்பு வேறு. 1947, அக்டோபர் 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடிக்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. நடுவே அரசுகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், செலவு ஏறிக்கொண்டே போனது. நாட்டின் அழகே கெட்டுவிட்டது என்று ஓர் அமைப்பு கோர்ட்டுக்கே போய்த் தோற்றது. கடைசியில் 1952, அக்டோபர் 14 அன்று திறப்புவிழா. அன்றே அவருக்குப் பிரான்ஸின் உயரிய 'லெஜியன் ஆஃப் ஹானர்' கௌரவமும் அளிக்கப்பட்டது.

வீடிழந்தவர்களுக்கு வாடகை வீடாக நினைத்ததை, சில ஆண்டுகளிலேயே அரசு குடியிருப்போருக்கு விற்கத் தொடங்கியது. ஏழைகளுக்கான கனவு அங்கே கொஞ்சம் நழுவியது உண்மை. இன்று அங்கே வசிப்பவர்களில் நடுத்தர வர்க்கத்தினரும், தேடி வந்து வாங்கிய கட்டடப் பிரியர்களும் அதிகம். ஆனால், இன்னொன்றும் நடந்தது. சொந்தமாக்கிக்கொண்ட மக்கள் அதைக் கைவிடவில்லை. 2012-ல் தீ விபத்தில் சில வீடுகள் சேதமானபோதும் கட்டடம் மீட்டெடுக்கப்பட்டது. இதைப் பார்த்து உலகெங்கும் எழுந்த எத்தனையோ கான்கிரீட் குடியிருப்புகள் பராமரிப்பின்றிச் சீரழிந்து, இடிக்கப்பட்டன. அவற்றைக் கட்டியவர்கள் உயரத்தையும் கான்கிரீட்டையும் மட்டும் காப்பியடித்தார்கள். இரண்டு பக்க வெளிச்சத்தையும், சத்தம் தடுக்கும் ஈயத்துண்டையும், மொட்டைமாடியையும் செலவு என்று வெட்டிவிட்டார்கள்.

மொட்டைமாடி: குழந்தைகளின் ராஜ்ஜியம்

கடைசி லிஃப்ட். கதவைத் திறந்தால், வானம்!

சாதாரணமாக உச்சி மாடியை என்ன செய்வார்கள்? பெரிய பணக்காரருக்கு பென்ட்ஹவுஸ் கட்டி விற்பார்கள். இவர் அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார். சுற்றி ஓட 300 மீட்டர் ஓடுபாதை. நாடகம் போட ஒரு சிறு மேடை. ஒரு ஜிம். கப்பலின் புகைப்போக்கி மாதிரி எழும்பும் காற்றுக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் மேலே மழலையர் பள்ளி, குழந்தைகள் தண்ணீரில் ஆட முழங்காலளவுக் குளம். ஒருபக்கம் மலைகள், மறுபக்கம் மத்தியதரைக் கடல். ஜிம் இருந்த இடம் 2013 முதல் கலைக்கூடமாகிவிட்டது.

ஆறடி மனிதனை வைத்து உலகத்தை அளந்தவர், கட்டடத்தின் மிகச் சிறந்த இடத்தைக் கொடுத்தது மூன்றடிக் குழந்தைகளுக்கு. கீழே நாம் கேட்ட கேள்விக்கு அவரையும் அறியாமல் இங்கே கொஞ்சம் பதில் சொல்லியிருக்கிறார்.

கடைசி அறை

மார்சேய் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1951-ல், சண்டிகருக்காக இந்தியா வந்தார். பிரிந்துபோன பியரும் அங்கே கூடவே நின்றார். லே கொர்பூசியே வரைந்துவிட்டு பாரிஸ் திரும்புவார். பியர்தான் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி நகரத்தைக் கட்டி எழுப்பினார். 2016-ல் யுனெஸ்கோ லே கொர்பூசியேவின் 17 படைப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மார்சேய் கட்டடமும் சண்டிகரின் கேபிட்டல் வளாகமும் ஒரே பட்டியலில் இடம்பிடித்தன.

1,600 பேருக்கு வீடு கட்டியவர் தனக்கென்று கட்டிக்கொண்டது என்ன தெரியுமா? அதே மத்தியதரைக் கடலோரம், ரோக்ப்ரூன்-காப்-மார்த்தான் என்ற இடத்தில் ஒரு மரக்குடில். மனைவி இவோனுக்குப் பரிசாகக் கட்டியது. அகலம் 3.66 மீட்டர், நீளமும் 3.66 மீட்டர். மார்சேய் ஃபிளாட்டின் அதே அகலம்! கட்டி முடித்ததும் அதே 1952-ல்தான். ஒவ்வொரு கோடையிலும் அங்கே போய்விடுவார். 1957-ல் இவோன் இறந்த பிறகும் போனார். 1965, ஆகஸ்ட் 27 காலையில் கடலில் நீந்தப் போனவர் உயிரோடு கரை திரும்பவில்லை. வயது 77. அவரே வடிவமைத்த கல்லறையில், கடலைப் பார்த்தபடி மனைவியோடு உறங்குகிறார்.

ஊருக்குச் சொன்ன அளவில் தானும் வாழ்ந்து பார்த்தவர் என்பதால் மட்டும் அவர் தப்புகள் மன்னிக்கப்பட்டுவிடாது. ஆனால், ஒரு விஷயத்தை அவரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஃபிளாட் பார்க்கப் போகும்போது எத்தனை சதுர அடி, என்ன விலை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் வெயில் எந்தப் பக்கம் வரும், காற்று எந்த வழியாகப் போகும், குழந்தைகள் எங்கே விளையாடும், மொட்டைமாடி சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேட்பவரைக் கிறுக்கன் என்பார்கள். பரவாயில்லை மக்களே!